இரு பூட்டுக்கும் ஒரே சாவியா?

பாண்டியனுக்கு ஒரு சந்தேகம் தோன்றிற்று. அதைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன் என்று கிழி கட்டித் தொங்கவிட்டான். இறைவனே பாட்டெழுதிக் கொடுத்தும், அதிலே குற்றம் காண ஒரு புலவர் சங்கத்தில் இருந்தார் என்று மதுரையின் புராணம் கூறுகிறது. கதையை நம்புவோரும் உண்டு, நம்பாதோரும் உண்டு. ஆனால் அதிலடங்கிய தர்மத்தை மதுரைவாசிகள் யாரும் மறுக்கமாட்டார்கள். பாட்டு அழகாயிருந்தால் போதாது. பாடியவர் பெரியவராயிருந்தாலும் போதாது. சொன்ன பொருள் மெய்தானா என்று சோதித்தே கிழியை அவிழ்க்க வேண்டும்.

இன்று உலகத்துப் பௌதிக சாஸ்திரிகளின் முன்னே அத்தகைய கிழி ஒன்று தொங்குகிறது. சந்தேகங்கள் இரண்டு. நியூட்ரினோ என்னும் நுண்ணிய துகளுக்கு நிறை எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் பெரும்பகுதி கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாமலிருக்கிறதே, அது என்ன என்பது மற்றொன்று. இவை தனித்தனிப் பூட்டுக்களாகத் தோன்றினாலும், ஒரே சாவியால் இரண்டும் திறக்குமோ என்று சாஸ்திரிகள் பலர் முப்பது ஆண்டுகளாக யோசித்து வருகிறார்கள். அதற்கென்று அழகிய பாட்டுக்கள் பல எழுதப்பட்டுவிட்டன. சோதித்துப் பார்க்கும் சங்கப் பலகைதான் இன்னும் முழுமையாக அமையவில்லை.

இது மேல்நாட்டார் விவகாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாக மேற்கே சென்றால், சுமார் 110 கிலோமீட்டர் தூரத்தில் போடி மேற்கு மலையடியிலே பொட்டிப்புரம் என்ற கிராமம் இருக்கிறது. இந்தச் சோதனைக்கான கருவியை அந்த மலைக்குள்ளே வைப்பதென்று தீர்மானித்து, 2015-ம் வருஷம் ஜனவரியில் இந்திய சர்க்கார் சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி அளித்தனர். அதன் தலைமை நிலையத்துக்கு மதுரை நகரமே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் மலை இன்னும் குடையப்படவில்லை. ஏன் குடைய நினைத்தார்கள், ஏன் குடையவில்லை என்ற இரண்டையும் அறிந்துகொள்வது பொதுக்காரியத்தில் ஈடுபட்ட ஒவ்வொருவருடைய கடமையாகும்.

நிறையின் புதிர்

நியூட்ரினோ என்ற துகள் இருக்கவேண்டும் என்று 1930-ல் ஊகித்தவர் பௌலி. அதற்குப் பெயரை வழங்கச் செய்தவர் இத்தாலியரான பெர்மி. அமெரிக்காவில் ஓர் அணு உலையருகே ரைன்ஸும் கோவனும் அதைப் பிரத்தியட்சமாகக் கண்டது 1956-ல். ஊகத்துக்கும் காட்சிக்கும் இடையே 26 வருஷங்கள் சென்றன. காரணம், இத்துகள் எதனோடும் ஒட்டாத துறவி போன்றது. சூரியனிலிருந்து புறப்படும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 6,500 கோடி ஊடுருவிச் செல்கின்றன. பகலில் தலைவழியாக நுழைகின்றன. இரவில் பூமியையே துளைத்துக் கால்வழியாக ஏறுகின்றன. நாம் உணர்வதில்லை.

இத்துகளுக்கு நிறையே கிடையாது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1998-ல் ஜப்பானிலுள்ள சூப்பர் காமியோகண்டே என்னும் கருவி அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. வழியிலேயே ஒரு வகை மற்றொரு வகையாக மாறுவதை அக்கருவி கண்டது. பின்னர் கனடாவில் நடந்த ஆராய்ச்சி சூரிய நியூட்ரினோக்களும் அவ்வாறே மாறுவதை உறுதிப்படுத்தியது. நிறையில்லாத துகள் ஒளியின் வேகத்திலேயே செல்லும். அதற்குக் காலம் ஓடுவதில்லை. காலம் ஓடாத பொருளுக்கு மாற்றமும் இல்லை. மாறுகிறதென்றால் நிறை உண்டு என்பது தீர்ந்தது. 2015-ம் வருஷத்து நோபல் பரிசு இக்கண்டுபிடிப்புக்காகவே கஜிதா, மக்டொனால்டு ஆகிய இருவருக்கும் அளிக்கப்பட்டது.

ஆனால் அந்த நிறை எவ்வளவு அற்பம்! ஜெர்மனியில் கட்ரின் என்ற கருவி 2025-ல் வெளியிட்ட கணக்குப்படி அது எலெக்ட்ரானின் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றத் துகள்களுக்கெல்லாம் இடங்கை, வலங்கை என்று இரண்டு உருவங்கள் உண்டு. (நமது பழைய ஊர்ச் சண்டைகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, துகள் எப்பக்கமாகச் சுழல்கிறது என்பதே பொருள்.) அவ்விரண்டும் சேர்ந்தால்தான் துகளுக்கு நிறை ஏற்படுகிறது. நியூட்ரினோவிலோ இடங்கை உருவம் மட்டுமே இதுவரை காணப்பட்டிருக்கிறது. ஆகவே அதற்கு நிறை இருப்பதும் புதிர். அந்நிறை இத்தனை சிறியதாக இருப்பது அதைவிடப் பெரிய புதிர்.

காணாத பெரும் பங்கு

இரண்டாவது பூட்டைப் பார்ப்போம். 1933-ல் ஸ்விக்கி என்பவர் தூரத்து நட்சத்திர மண்டலக் கூட்டம் ஒன்றை ஆராய்ந்தார். அங்கே மண்டலங்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஆகர்ஷணம் மட்டும் அவற்றைக் கட்டி நிறுத்தப் போதாது. தெரியாத பொருள் ஏதோ இருக்கவேண்டும் என்றார். 1970-ம் வருஷத்துக்குப் பிறகு வேரா ரூபின் என்ற அம்மையார் தனித்தனி மண்டலங்களை அளந்து இதையே வலியுறுத்தினார். இன்றைய கணக்குப்படி பிரபஞ்சத்தின் மொத்தத்தில் நாம் அறிந்த அணுக்களாலான பொருள் 100-க்குச் சுமார் 5 பங்கு. இந்தக் கரும்பொருள் சுமார் 27 பங்கு. எஞ்சியது இதனினும் விளங்காத வேறொரு சக்தி. சூரியன், சந்திரன், மலை, கடல், மனிதன் எல்லாம் சேர்ந்தும் அந்த 5 பங்கில்தான் அடங்கும்.

இரு புதிரையும் முதலில் இணைத்துப் பார்த்தவர்களில் ஓர் இந்தியர் இருக்கிறார் என்பது நாம் மறக்கத்தகாத விஷயம். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ராமநாத் கௌசிக், மக்லெல்லண்ட் என்பவருடன் சேர்ந்து 1972-லும் 1973-லும் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். நியூட்ரினோவுக்குச் சிறிது நிறை இருந்தாலும், பிரபஞ்சம் முழுவதும் நிறைந்திருக்கும் அவற்றின் தொகை மிகப் பெரிதாதலால், மண்டலக் கூட்டங்களில் காணாத பொருள் அதுவாகவே இருக்கலாம் என்பது அவர் கருத்து. நியூட்ரினோவுக்கு நிறை உண்டென்று உலகம் ஒப்புக்கொள்வதற்கு 25 வருஷங்களுக்கு முன்னரே சொன்ன வார்த்தை அது!

பின்னர் அந்த ஊகம் அதே வடிவில் நிற்கவில்லை. ஆதியில் நியூட்ரினோக்கள் மிக வேகமாக ஓடியவை. ஓடுகிற கூட்டத்தைக்கொண்டு ஊர் அமைக்க முடியாது; நிற்கிற ஜனங்கள் வேண்டும். கரும்பொருள் முழுவதும் நியூட்ரினோவாயிருந்தால் நட்சத்திர மண்டலங்கள் இப்போதுள்ளபடி உருவாகியிரா என்பதை 1983-ம் வருஷத்துக் கணக்குகள் காட்டின. நமக்குத் தெரிந்த மூன்று நியூட்ரினோக்களும் கரும்பொருளில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குமேல் தேறா என்று இன்று கொள்கிறார்கள். ஆனால் உறவு அத்துடன் அறுந்துவிடவில்லை. கரும்பொருள் நியூட்ரினோவாக இல்லாவிட்டாலும், நியூட்ரினோவின் தாயாதியாக இருக்கலாமல்லவா?

ஏற்ற மரமும் கைமாற்றும்

நமது கிணற்றடிகளில் இருந்த ஏற்ற மரத்தை நினைவுகொள்ளுங்கள். ஒரு முனை கீழே தாழ்ந்தால் மறு முனை மேலே எழும். நியூட்ரினோவின் நிறைக்கு இத்தகைய விளக்கம் ஒன்று உண்டு. மேல்நாட்டார் சிறுவர் விளையாடும் சீசாப் பலகையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 1977-ல் மின்கௌஸ்கியும், அதையடுத்துப் பலரும், அவர்களுள் ஒடிஷாவில் பிறந்த ரவீந்திரநாத் மொஹபாத்ரா 1980-ல் செஞ்ஜானோவிச்சுடன் சேர்ந்தும் இதைக் கூறினார்கள். காணாமற்போன வலங்கை நியூட்ரினோ உண்மையில் இருக்கிறது. ஆனால் அது பயங்கரமான கனமுடையது. அது ஒரு முனையில் தாழ்வதால்தான் நமது இடங்கை நியூட்ரினோ மறு முனையில் இத்தனை லேசாக எழுந்து நிற்கிறது என்பது அவர்கள் வாதம். அந்தக் கனம் புரோட்டானைப்போல் சில நூறு லட்சம் கோடி மடங்குகூட இருக்கலாம்.

அவ்வளவு கனமுள்ள துகள் தோன்றிய கணத்திலேயே சிதைந்துவிடும்; கரும்பொருளாக இன்றுவரை நிலைத்திருக்காது. ஆனால் வலங்கை நியூட்ரினோக்கள் பலவாக இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் லேசானதாகவும், மற்றவற்றோடு மிகச் சொற்பமாகவே கலப்பதாகவும் இருந்தால்? அது பிரபஞ்சத்தின் ஆயுளையும் கடந்து வாழும். டாடெல்சனும் விட்ரோவும் 1994-ல் இப்படியொரு கரும்பொருளைக் கூறினர். 2005-ல் அசாகா, ஷபோஷ்னிகோவ் முதலியோர் மூன்று வலங்கை நியூட்ரினோக்களைச் சேர்த்து, நிறை, கரும்பொருள் ஆகிய இரண்டையும் ஒரே கணக்கில் அடக்கிக் காட்டினர். அத்தகைய துகள் எப்பொழுதாவது சிதையும்போது எக்ஸ் கதிர் ஒன்றை வீசவேண்டும். 2014-ல் நட்சத்திர மண்டலக் கூட்டங்களிலிருந்து அப்படியொரு கதிர் வருவதாக இரு குழுவினர் அறிவித்தபோது பெரும் பரபரப்பு உண்டாயிற்று. பிறகு நடந்த தேடல்கள் பல அதற்கு ஆதரவு தரவில்லை. பாட்டு அழகாயிருந்தது; பொருளிலே சந்தேகம் தங்கிவிட்டது.

எர்னஸ்ட் மா என்பவர் 2006-ல் சொன்ன வழி இன்னும் நூதனமானது. இருளிலிருந்து பிறந்தது என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை அதற்கு இட்டிருக்கிறார். நியூட்ரினோவுக்குச் சொந்தமாக நிறையே இல்லை. கரும்பொருள் வர்க்கத்தைச் சேர்ந்த இரண்டு துகள்களாக அது ஒரு க்ஷணம் மாறி, மறு க்ஷணம் பழைய உருவத்தை அடைகிறது. அந்தக் கணநேரக் கொடுக்கல் வாங்கலில் மிஞ்சும் சிறு தொகையே அதன் நிறை. சுருங்கச் சொன்னால் நியூட்ரினோவின் நிறை கரும்பொருளிடம் வாங்கிய கைமாற்று. கைமாற்றாகையால்தான் அது அற்பமாயிருக்கிறது. இருட்குலத் துகள்கள் இரட்டையாகவே வரும், இரட்டையாகவே போகும் என்பது இக்கொள்கையின் விதி. அதனால் அக்குலத்தில் மிக லேசான ஒன்று தனியே சிதைய வழியில்லாமல் சிரஞ்சீவியாகி விடுகிறது. அதுவே கரும்பொருள் என்கிறார். இக்கொள்கையின்படி கரும்பொருள் இல்லையானால் நியூட்ரினோவுக்கு நிறையும் இல்லை. ஒரே சாவி, இரண்டு பூட்டு!

இவற்றுள் எது உண்மை? எதுவும் நிரூபிக்கப்படவில்லை. காகிதத்தின்மேல் எல்லாக் கொள்கைகளும் பொருந்துகின்றன. காகிதத்தைத் தாண்டிப் போவதற்குக் கருவி வேண்டும்.

கோலாரில் கண்டது

கருவி விஷயத்திலும் நாம் பிந்தியவர்களல்லர். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்திலே டாட்டா நிலையத்தாரும், ஜப்பானின் ஒஸாகா, இங்கிலாந்தின் டர்ஹம் சர்வகலாசாலையாரும் சேர்ந்து, ஆகாய மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் அதே வேலையில் ஈடுபட்டிருந்த ரைன்ஸ் குழுவினரைச் சில நாட்களால் முந்திக்கொண்டு அறிவித்தார்கள். எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன், வி. எஸ். நரசிம்மம் முதலியோர் பெயர்கள் அந்தச் சரித்திரத்தில் நிற்கின்றன. அச்சுரங்கத்தில் பாறையைப் பிளந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அங்கே வேறொரு அதிசயமும் நேர்ந்தது. நியூட்ரினோவால் விளக்கமுடியாத சில நிகழ்ச்சிகள் கருவியில் பதிவாயின. கோலார் நிகழ்ச்சிகள் என்றே அவற்றுக்குப் பெயர். பல வருஷங்கள் அவை பதிலின்றிக் கிடந்தன. 2014-ல் சென்னைக் கணித விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த எம். வி. என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் அவற்றைத் தூசிதட்டி எடுத்து, புரோட்டானைப்போல் 5 முதல் 10 மடங்கு நிறையுள்ள கரும்பொருள் துகள் சிதைந்ததன் அடையாளமாக அவை இருக்கலாமோ என்று கேட்டார்கள். இதுவும் ஊகமே. ஆனால் திரும்பச் சோதிக்கக் கோலாரில் இன்று இடமில்லை. 2001-ல் சுரங்கமே மூடப்பட்டுவிட்டது.

மலை எதற்கு?

கோலாருக்குப் பதிலாகத் தேடப்பட்டதுதான் மலை. முதலில் நீலகிரியில் சிங்காரா என்ற இடத்தைப் பார்த்தார்கள். முதுமலைக் காட்டுக்கு அருகிலிருந்ததால் அது மறுக்கப்பட்டது. பிறகு பொட்டிப்புரம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கப் பாதை. அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் உள்ள குகை. அதனுள் சுமார் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. இதுவே திட்டம்.

இதன் சிறு மாதிரி ஒன்றை, 85 டன் இரும்பில், மதுரையிலேயே 2018-ல் அமைத்தார்கள். அது ஏன் போதாது என்றால், திறந்த வெளியில் வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்களின் இரைச்சல் அதிகம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் காதோடு சொல்லும் இரகசியம் கேட்குமா? ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை நாற்புறமும் சூழ்ந்தால் அந்த இரைச்சல் அடங்கும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும்.

மூன்று நியூட்ரினோக்களில் எது கனம், எது லேசு என்ற வரிசையை அறிவது கருவியின் முதல் நோக்கம். நிறைக்குக் காரணம் கூறும் எந்தக் கொள்கையும் அந்த வரிசைக்கு உடன்பட்டே தீரவேண்டும். சூரியனுக்குள் கரும்பொருள் துகள்கள் சேர்ந்து ஒன்றையொன்று அழித்தால் பிறக்கக்கூடிய நியூட்ரினோக்களைத் தேடலாம். கோலார் நிகழ்ச்சிகள் மீண்டும் தோன்றுகின்றனவா என்றும் காத்திருந்து பார்க்கலாம். இக்கருவி ஒன்றே எல்லாப் பூட்டையும் திறந்துவிடும் என்று சொல்லுவது மிகை. பொருந்தாத சாவிகளைக் கழித்துவிடும் என்பதே உண்மை. சாஸ்திரத்தில் அதுவும் பெரிய காரியம்.

ஜனங்களின் கேள்வி

இவ்வளவு நியாயமிருந்தும் காரியம் ஏன் நின்றது? ஜனங்கள் கேட்டார்கள், பதில் திருப்தியாக வரவில்லை. வைகோ தொடுத்த வழக்கில் சென்னை ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியின்றி வேலை தொடங்கலாகாது என்று 2015-ல் உத்தரவிட்டது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் முறையீட்டின்பேரில் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. கேரளத்து மதிகெட்டான் சோலை தேசீயப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது கவனிக்கப்படவில்லை என்பது அதன் காரணம். 2018-ல் மத்திய சர்க்கார் விசேஷ அனுமதி அளித்தனர். வனவிலங்கு வாரியத்தின் சம்மதமும் பெறவேண்டும் என்று தீர்ப்பாயம் கூறியது. 2022 பிப்ரவரியில், புலிகள் நடமாடும் இம்மலைப் பகுதியில் இத்திட்டத்தை அனுமதிக்க இயலாதென்று தமிழ்நாட்டு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தனர்.

எதிர்ப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. அவற்றைப் பிரித்தறிய வேண்டும். நியூட்ரினோவால் கதிரியக்கம் பரவும், ஊர் அழியும் என்ற பயம் ஆதாரமற்றது. கருவி எந்த நியூட்ரினோவையும் உற்பத்தி செய்வதற்கில்லை. நம் உடலில் இடையறாது பாய்ந்துகொண்டிருப்பவற்றில் சிலவற்றை எண்ணுவதே அதன் வேலை. மற்றப் பகுதி முற்றிலும் மெய்யான கேள்விகளாலானது. லட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்து எடுப்பதால் நீரூற்றுக்கள் என்னவாகும்? அந்தப் பாறை எங்கே கொட்டப்படும்? விலங்குகளின் வழி என்னவாகும்? மேய்ச்சல் நிலத்தை நம்பிய குடியானவன் எங்கே போவான்? பெரியாற்று நீரையும் வைகையையும் நம்பி நெல் விளைவிக்கும் மதுரைச் சமவெளி, மேற்கு மலையில் வெடிச் சத்தம் என்றதும் கலங்குவது இயற்கையே. இக்கேள்விகளை அறியாமை என்று ஒதுக்குகிறவர் சாஸ்திரத்துக்கே துரோகம் செய்கிறார். ஏனெனில் கேள்வி கேட்பதே சாஸ்திரத்தின் உயிர்.

நமது கடமை

உலகம் நமக்காகக் காத்திருக்கவில்லை. சீனத்தில் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவம் கொண்ட ஜூனோ என்ற கருவி 2025 ஆகஸ்டில் வேலை தொடங்கிவிட்டது. அதுவும் அந்த நிறை வரிசையைத் தேடுவதுதான். 1965-ல் முந்தி நின்ற தேசம் இன்று பின்தங்கி நிற்பதைக் கண்டு மனம் வருந்தாத தேசபக்தர் இருக்கமுடியாது. ஆனால் ஜனங்களின் சம்மதத்தை மிதித்துக்கொண்டு பெறும் முதலிடமும் நமக்கு வேண்டியதில்லை. சுயராஜ்யம் என்பதற்கு, ஒரு மலையைக் குடையுமுன் மலையடியில் வாழ்பவனைக் கேட்பது என்பதும் ஓர் அர்த்தம்.

ஆகையால் நாம் சொல்லுவது இதுதான். விஞ்ஞானிகள் பொட்டிப்புரத்துச் சாவடியிலும் மதுரைக் கல்லூரிகளிலும் தமிழிலே பேசட்டும். நன்மையை மட்டுமல்ல, நஷ்டத்தையும் கணக்கிட்டுச் சொல்லட்டும். எதிர்ப்போர் காட்டையும் நீரையும் முன்னிட்டு உறுதியாக வாதாடட்டும். பொய்ப் பயத்தை ஆயுதமாக எடுக்காதிருக்கட்டும். ஊழியர்களாகிய நமது வாசகர்கள் மேடையேறுமுன் இருதரப்பு நியாயத்தையும் படிக்கட்டும். மலை வேண்டாமென்றே முடிவானால், அதுவும் அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். வேறிடமோ வேறு வழியோ தேடும் முயற்சி கைவிடப்படாதிருக்கட்டும்.

கௌசிக் கேட்ட கேள்வி ஐம்பது வருஷங்களுக்குப் பின்னும் நிற்கிறது. கோலாரில் கண்டது இன்னும் விளங்கவில்லை. கிழி தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை அவிழ்ப்பவர் எத்தேசத்தாராயினும் வாழ்த்துவோம். ஆனால் சோதித்து ஒப்புக்கொள்ளும் பழக்கத்தைப் புராணத்திலேயே பொதித்துவைத்த இந்த ஊர், பயத்தினாலோ அவசரத்தினாலோ அப்பழக்கத்தை இழந்துவிடலாகாது.